ஆய்வு முடிந்தது, இனி கட்டுரை: ஆய்விதழுக்கு அனுப்பும்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி பிறந்தால் என் மேசைக்கு வரும் கட்டுரைகளின் எண்ணிக்கை கூடிவிடும். மழை ஓய்ந்து, பொங்கல் விடுமுறையும் முடிந்து, ஆய்வேட்டைக் கொடுக்கும் நாள் நெருங்கும் நேரம் அது. தரமணியிலிருந்தும் கிண்டியிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். "சார், இதை ஒரு நல்ல ஜர்னலுக்கு அனுப்பணும், ஒரு தடவை பார்த்துத் தாங்க" என்பார்கள். "எந்த ஜர்னல்?" என்று கேட்பேன். "அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வரும்.

அந்த "அப்புறம்" என்ற சொல்லால்தான் பல மாதங்கள் வீணாகின்றன. எந்த இதழ் என்று தெரியாமல் எழுதும்போது, படிப்பவருக்கு எதை விளக்க வேண்டும், எதை அவர் ஏற்கெனவே அறிவார் என்பது நமக்கே தெரியாது. ஆய்வு நன்றாக இருக்கும். ஆனால் இதழாசிரியர் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநரான மதிப்பாய்வாளருக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவார். டெஸ்க் ரிஜெக்ட் என்று சொல்கிறோமே, அதுதான். என்னால் முடிந்தவரை இதைத் தவிர்க்கும் வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

விளக்க வசதியாக ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை உள்ள வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் உப்பாவது ஏன்? கயல்விழி என்ற மாணவி இரண்டு ஆண்டுகள் மாதிரி எடுத்து, சோதித்து, முடிவுகளைக் கையில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவரும் கூடவே வருவார்.

முதலில், ஒரே ஒரு வாக்கியம்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆய்வு கண்டுபிடித்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "நிலத்தடி நீரின் தரம் ஆராயப்பட்டது" என்று எழுதினால் அது நீங்கள் செய்த வேலை. கண்டுபிடித்தது என்ன என்பது இன்னும் வரவில்லை. கயல்விழி இப்படி எழுதலாம்: "கடலை ஒட்டிய கிணறுகளில் கோடையில் குளோரைடு கூடுவதற்குக் கடல்நீர் காரணம், உள்பக்கத் தெருக்களில் கழிவுநீர்த் தொட்டிகள் காரணம்."

இந்த வாக்கியம் வரவில்லை என்றால் கட்டுரைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை அப்படியே வெட்டி ஒட்டுபவர்களுக்குத்தான் இது வராது. அத்தியாயம் "எனக்கு இந்தத் துறை தெரியும்" என்று தேர்வாளருக்குக் காட்டுவதற்காக எழுதியது. அதில் நாலைந்து விஷயங்கள் கலந்து கிடக்கும். கட்டுரை ஒரு கேள்வியைக் கேட்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சுருக்குவதைவிட அது சுலபம்.

இரண்டாவது, இதழைத் தேர்ந்தெடுப்பது

இங்கே ஒரு வாரம் செலவிட்டாலும் தகும். நான் சொல்லும் வழி இதுதான்: உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து, எந்த இதழின் பெயர் அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்களோ அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு மூன்று இதழ்கள் தேறும். ஒவ்வொன்றின் நோக்கமும் எல்லையும் என்ன என்று அதன் தளத்தில் படியுங்கள். அதோடு நின்றுவிடாமல் கடைசி இரண்டு ஆண்டு இதழ்களின் தலைப்புகளையும் புரட்டுங்கள். ஓர் இதழ் ஒரே ஊரைப் பற்றிய ஆய்வுகளை வெளியிடுகிறதா, அல்லது பல ஊர்களை ஒப்பிடுபவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறதா என்பது அந்தத் தலைப்புகளிலேயே தெரிந்துவிடும்.

இதழ்களைப் படிக்க இடம் வேண்டுமே என்றால், 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கட்டுரையை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் பிடிஎஃப் அனுப்பிவைப்பார்கள். நான் கேட்டு மறுத்தவர்கள் மிகக் குறைவு.

அடுத்து, போலி இதழ்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆய்வுக்கு வீட்டில் நகை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு மாணவர், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பிக் கட்டுரை அனுப்பினார். மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் வந்தது, பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினார். கட்டுரை இணையத்தில் ஏறியது. பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. சரி, வேறு நல்ல இதழுக்கு அனுப்பலாம் என்றால், ஏற்கெனவே வெளியான கட்டுரையை எந்த நல்ல இதழும் எடுத்துக்கொள்ளாது. திரும்பப் பெறக் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. மூன்றாண்டு உழைப்பு அப்படியே முடங்கியது.

ஆகவே சோதித்துப் பாருங்கள். இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் போட்டால் அதே இதழின் பெயர் வருகிறதா? ஆனால் அந்த எண் இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்று ஆகாது; கேட்டால் யாருக்கும் கிடைக்கும் எண் அது. ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால், ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள், இதழின் தளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையை நம்பாதீர்கள். பட்டியலில் சேர்ப்பது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் அங்கேயே தெரியும். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே அடைவில் தேடுங்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டு பேராசிரியர்களின் நிறுவனப் பக்கத்துக்குப் போய், அவர்கள் அங்கே இந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு வகை மோசடியும் உண்டு. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலித் தளம் நடத்துவார்கள். கூகுளில் தேடி முதலில் வரும் தளத்துக்குள் போகாமல், ஸ்கோப்பஸ் பதிவிலோ ஐஎஸ்எஸ்என் பதிவிலோ கொடுத்திருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள்.

"யூஜிசி அங்கீகாரம் பெற்ற இதழ்" என்று இப்போதும் விளம்பரம் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி, தான் ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இதழின் தரத்தை நிறுவனங்களே மதிப்பிட வேண்டும் என்று பொறுப்பை மாற்றிவிட்டது. அதனால் உங்கள் பல்கலைக்கழகம் இப்போது எதை ஏற்கிறது என்பதை நெறியாளரிடமும் ஆய்வுப் பிரிவிலும் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.எச்டி.க்குக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசியின் 2022 விதிமுறைகள் எடுத்துவிட்டாலும், பல்கலைக்கழகங்கள் தாங்களே வைத்திருக்கும் விதிகள் வேறு.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது. முதல் இதழ் மறுத்த பிறகுதான், அல்லது முறையாகத் திரும்பப் பெற்ற பிறகுதான் அடுத்தது.

மூன்றாவது, அட்டவணையும் படமும் முன்னால்

பலரும் முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் அட்டவணைகளும் படங்களும், பிறகு செய்முறை, முடிவுகள், விவாதம், அதன்பின் முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசியில்.

அட்டவணையில் எதைப் பார்ப்பேன் என்று ஒரே ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன். கயல்விழியின் அட்டவணையில் ஏழாம் கிணற்றின் குளோரைடு லிட்டருக்கு 412.37 மில்லிகிராம் என்று இருக்கிறது. மூன்று டைட்ரேஷன்களுக்கு எக்செல் போட்டுக் கொடுத்த சராசரி அது. ஆனால் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும் இடத்தில் நிறுத்துகிறோமே, அந்த ப்யூரெட் என்ற அளவுக் குழாயில் கோடுகள் 0.1 மில்லிலிட்டருக்கு ஒன்று. கூர்ந்து பார்த்தால் 0.05 வரை ஊகிக்கலாம். வழக்கமான 0.0141 நார்மல் செறிவுள்ள கரைசலில், 50 மில்லிலிட்டர் மாதிரிக்கு ஒரு மில்லிலிட்டர் செலவானால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு. அப்படியென்றால் 0.05 மில்லிலிட்டர் பிசகினாலே 0.5 மில்லிகிராம் மாறிவிடும். தசமத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த 37-க்கு எந்தப் பொருளும் இல்லை. 412 என்று போட்டாலே போதும். மதிப்பாய்வாளர் ஆய்வகத்தில் நின்றவராக இருந்தால், இந்த ஓர் எண்ணை வைத்தே நீங்கள் கருவியைப் புரிந்து வேலை செய்தீர்களா என்று கணித்துவிடுவார்.

அதே அட்டவணையில் அவர் இன்னொன்றையும் கால்குலேட்டரை எடுத்துச் சோதிப்பார். நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் மில்லி ஈக்விவலன்ட் அளவில் (மின்சுமையையும் கணக்கில் எடுத்த அளவு) ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. எந்த மாதிரியில் அது மீறுகிறதோ, அதை நீங்களே முதலில் கண்டுபிடித்து, மறுபடி சோதித்து, அல்லது ஏன் என்று எழுதிவிடுங்கள். துறைக்குத் துறை இது மாறும். ஒவ்வொரு துறையிலும் "இதைத்தான் முதலில் சரிபார்ப்பார்கள்" என்று ஓர் இடம் உண்டு. உங்கள் துறையில் அது எது என்று நெறியாளரிடம் கேளுங்கள்.

படங்களுக்கு இதழ் சொல்லும் அளவிலேயே வரையுங்கள். புகைப்படங்களுக்குப் பொதுவாக 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகள்) கேட்பார்கள், கோட்டோவியங்களுக்கு அதைவிட அதிகம். வேர்ட் கோப்பில் ஒட்டிய படத்தைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கினால் தெளிவு வராது. மூலக் கோப்பிலிருந்து புதிதாக ஏற்றுமதி செய்ய வேண்டும். வரைபடத்தை அச்சடித்து, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், வட்டம், முக்கோணம் என்று வடிவத்தை மாற்றுங்கள். நிறக்குருடு உள்ள வாசகருக்கும் அது உதவும். இட வரைபடத்தில் வடக்குக் குறி, அளவுகோல், அட்சரேகை, தீர்க்கரேகை நான்கும் இருக்க வேண்டும்.

நான்காவது, செய்முறை

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, உங்களைத் தெரியாத ஒருவர் அதே வேலையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். எத்தனை கிணறுகள், என்ன ஆழம், எந்தத் தேதிகள், புட்டியை எப்படிக் கழுவினீர்கள், மாதிரியை எந்த வெப்பநிலையில் வைத்தீர்கள், கருவியின் தயாரிப்பும் மாதிரி எண்ணும் என்ன என்று எல்லாமே வரட்டும்.

சென்னைக்காரர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. "பருவமழைக்கு முன்", "பருவமழைக்குப் பின்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். நமக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. வெளிநாட்டு மதிப்பாய்வாளருக்கு, ஏன், மும்பைக்காரருக்கே கூட, பருவமழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர். "மழைக்குப் பின், ஜனவரியில் மாதிரி எடுத்தோம்" என்று படித்தால், மழை நின்று நான்கு மாதம் காத்திருந்தது ஏன் என்று கேட்பார். "முறை தவறு" என்ற குறிப்போடு கட்டுரை திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாதத்தைப் போடுங்கள், சென்னைக்குப் பெருமழை எப்போது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். நம் ஊருக்குப் பழக்கமானது எதுவும் வெளியே தெரியாது என்று நினைத்துக்கொண்டே எழுதினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். லாரித் தண்ணீர், வீட்டுக் கிணறு, போர்வெல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மனிதர்களிடம் பேட்டியோ ரத்த மாதிரியோ எடுத்திருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணும் நாளும் கட்டாயம். ஆய்வு முடிந்த பிறகு வாங்க முடியாத ஒன்று இது.

ஐந்தாவது, விவாதமும் முன்னுரையும்

முடிவுகள் பகுதியில் எண்கள் என்ன சொல்கின்றன என்று மட்டும் எழுதுங்கள். ஏன் அப்படி என்பது விவாதத்துக்கு. விவாதத்தில் உங்களுக்கு எதிராக நீங்களே வாதாட வேண்டும். கயல்விழியிடம் எந்த மதிப்பாய்வாளரும் கேட்கப்போகும் கேள்வி: "குளோரைடு கூடியிருக்கிறது, சரி. அது கடலிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? செப்டிக் டாங்கிலிருந்தும் வரலாமே?" அதற்கு விடை தரவுகளில் இருக்கிறது. கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள மோல் விகிதம் (அயனிகளின் எண்ணிக்கை விகிதம்) சுமார் 0.86. கடலை ஒட்டிய கிணறுகளில் அந்த விகிதம் இதன் பக்கமோ இதற்குக் கீழோ போகிறதா? உள்பக்கக் கிணறுகளில் குளோரைடோடு நைட்ரேட்டும் சேர்ந்து ஏறுகிறதா? இரண்டையும் ஒரே படத்தில் காட்டிவிட்டால், கேள்வி எழும் முன்பே பதில் சொல்லிவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு ஆதாரம் இல்லாதபோது 1,000-ஐயும் சொல்கிறது. இரண்டையும் எழுதுங்கள். தனக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வாசகரின் நம்பிக்கை போய்விடும்.

ஆய்வின் குறைகளுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரே ஒரு கோடையைத்தான் பார்த்தோம் என்றால் அதைச் சொல்லுங்கள்.

முன்னுரையை "நீரின்றி அமையாது உலகு" என்று தொடங்க எல்லோருக்கும் ஆசை. நீர்வேதியியல் இதழைப் படிப்பவருக்குத் தண்ணீரின் அருமை தெரியும். மூன்று நான்கு பத்திகள் போதும்: இதுவரை என்ன தெரியும், எது தெரியவில்லை, அதை நாங்கள் எப்படி அணுகினோம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் புகுந்தது பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். தென்கடற்கரையில் கழிவுநீரையும் கடல்நீரையும் பிரித்துப் பார்ப்பது தனி வேலை என்று சுட்டிக்காட்டினால், வாசகர் தானாகவே உங்கள் கேள்விக்கு வந்து சேர்வார்.

ஆறாவது, சுருக்கமும் தலைப்பும்

சுருக்கத்துக்குப் பல இதழ்கள் 250 சொற்கள் வரை தருகின்றன. மதிப்பாய்வுக்கு அழைக்கப்படுபவர் இதை மட்டும் படித்துவிட்டுத்தான் "சரி" அல்லது "முடியாது" என்கிறார். பின்னணிக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். பிறகு என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது, அதன் பொருள் என்ன. கிடைத்ததைச் சொல்லும்போது எண் வர வேண்டும். "குறிப்பிடத்தக்க அளவில் அதிகரித்தது" என்ற தொடரை அடித்துவிட்டு, எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று எழுதுங்கள். முதல் படியில் தாளில் எழுதிய அந்த ஒரு வாக்கியம் இங்கே கிட்டத்தட்ட அப்படியே உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் நடுவில் எங்கோ கட்டுரை திசை மாறியிருக்கிறது.

தலைப்பு: "சென்னைக் கடற்கரைப் பகுதிகளின் நிலத்தடி நீர்த்தரம் பற்றிய ஓர் ஆய்வு" என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. "பற்றிய ஓர் ஆய்வு" என்பதை எடுத்துவிடுங்கள். "தென்சென்னைக் கடற்கரைக் கிணறுகளில் குளோரைடு உயர்வு: கடல்நீரையும் கழிவுநீரையும் பிரித்தறிதல்" என்றால் இடம், பொருள், புதுமை மூன்றும் வந்துவிடும். திறவுச் சொற்களில் தலைப்பில் இருப்பவற்றையே திரும்பப் போடாமல், வேறு எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவார்கள் என்று யோசித்துப் போடுங்கள்.

பெயர், வரிசை, முகவரி

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இதழின் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் காட்டும். தந்தை முருகேசன் என்பதால் "எம். கயல்விழி" என்று எழுதுபவர், கயல்விழியை முதற்பெயரிலும் எம் என்ற எழுத்தைக் குடும்பப் பெயரிலும் போட்டால், உலகம் முழுக்க அவர் "எம், கே." ஆகிவிடுவார். அடுத்த கட்டுரையில் முருகேசன் என்று விரித்து எழுதினால், அப்பாவின் பெயரில் மேற்கோள் காட்டுவார்கள். தரவுத்தளத்தில் இரண்டு வேறு ஆட்கள். என் ஆலோசனை: சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போடுங்கள், இனிஷியலை முதற்பெயர்ப் பெட்டியில். "எம். கயல்விழி" என்றே அச்சாகும், "கயல்விழி, 2026" என்றே மேற்கோள் வரும். எந்த முறையானாலும் முதல் கட்டுரையில் எடுத்த முடிவைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை இலவசமாகப் பதிவு செய்துகொண்டு எல்லாக் கட்டுரைகளிலும் கொடுங்கள்.

கட்டுரையாசிரியர்களின் பெயர் வரிசையை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கடைசி நாளில் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். வேலை செய்யாதவர் பெயரைச் சேர்ப்பதும், செய்தவர் பெயரை விடுவதும் இரண்டுமே நெறிமீறல். ஆய்வகத்தில் மாதிரி தூக்கி வந்த உதவியாளருக்கு நன்றியுரையில் பெயரோடு ஒரு வரி எழுதுங்கள். இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் கட்டுரையாசிரியரின் மின்னஞ்சல் நீண்ட நாள் உயிரோடு இருக்க வேண்டும். மாணவர் படிப்பை முடித்ததும் கல்லூரி முகவரி மூடப்பட்டு, திருத்தக் கடிதம் போய்ச் சேராமல் கட்டுரை காலாவதியானதும் உண்டு.

மேற்கோள்களும் ஒப்புமைச் சோதனையும்

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டேரோ போன்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். இதழ் மாறும்போது பட்டியலின் வடிவத்தை ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பிச் சோதிக்காமல் விடாதீர்கள். கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் ஒவ்வொன்றையும் திறந்து, அதே கட்டுரைதான் வருகிறதா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய மேற்கோள்களில், உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் உண்மைபோலவே வந்து நிற்கும். நீங்கள் கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் வைக்க வேண்டாம். ஆங்கிலத்தைச் சீர்படுத்த அந்தச் செயலிகளைப் பயன்படுத்தியிருந்தால் இதழ் கேட்கும் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவற்றைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க இதழ்கள் அனுமதிப்பதில்லை.

யூஜிசியின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு உங்கள் எழுத்துக்கு உள்ள ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. அதற்கு மேல் போனால் படிப்படியாகத் தண்டனை. மேற்கோள் பட்டியல், முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள் பகுதிகள் போன்றவை கணக்கில் வராது. அந்தச் சதவீதத்தைவிட முக்கியமானது எந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது. 6 சதவீதம் முழுக்க ஒரே கட்டுரையின் விவாதப் பகுதியிலிருந்து வந்திருந்தால் அது ஆபத்து. சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு எண்ணைக் குறைக்கும் வேலையில் இறங்காதீர்கள். மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் வார்த்தையில் எழுதினால் எண் தானாகக் குறையும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு

மொழி, வரலாறு, இலக்கியத் துறையினர் தமிழிலேயே எழுதுவீர்கள். முதல் வேலை, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் வரிக்கு வரி படியுங்கள், ஏனென்றால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஒ, ஓ, ஔ வரும் சொற்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். ஆங்கிலக் கட்டுரைக்குள் தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் எழுதும்போது, பெரும்பாலானோர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பின்பற்றிய முறையையே கைக்கொள்கிறார்கள். ழ, ள, ற மூன்றும் குழம்பாமல் இருக்க அதுவே நல்லது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்த ஆவணத்துக்குத் துறை, அரசாணை எண், நாள் மூன்றும் வேண்டும். ரோஜா முத்தையா நூலகத்தில் எடுத்த பழைய நூலுக்கு, நீங்கள் பார்த்த பதிப்பின் ஆண்டைப் போடுங்கள். முதல் பதிப்பின் ஆண்டை நினைவிலிருந்து எழுதிவிடாதீர்கள். இந்தக் குறிப்புகளை அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எழுதிக்கொள்ளாவிட்டால், ஒரு எண்ணுக்காக மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்கும்.

அனுப்பும் நாள்

கோப்புகளைப் பிரியுங்கள்: பெயர்களுள்ள தலைப்புப் பக்கம் தனி, பெயரில்லாத கட்டுரை தனி, படங்கள் ஒவ்வொன்றும் தனி. பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால், வேர்ட் கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் உங்கள் பெயரை நீக்குங்கள். நன்றியுரையில் நெறியாளர் பெயர் எட்டிப் பார்க்கிறதா, "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதி நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். நிதி எண், தரவு எங்கே கிடைக்கும், நலமுரண் (முடிவைப் பாதிக்கக்கூடிய சொந்த நலன்) உண்டா என்ற அறிவிப்புகளைக் கேட்ட வடிவில் எழுதுங்கள்.

கவர் லெட்டர் ஒரு பக்கம். "மதிப்புக்குரிய தங்கள் இதழில்" என்று புகழத் தேவையில்லை. என்ன கண்டுபிடித்தோம், இது இந்த இதழின் வாசகருக்கு ஏன் வேண்டும், வேறெங்கும் அனுப்பவில்லை, எல்லாக் கட்டுரையாசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். மதிப்பாய்வாளர் பெயர் கேட்டால், உங்கள் நெறியாளரின் நண்பரைப் போடாமல், உங்கள் பட்டியலில் மேற்கோள் காட்டிய, உங்களோடு சேர்ந்து எழுதாத ஒருவரை நிறுவன மின்னஞ்சலோடு கொடுங்கள்.

எல்லாம் ஏற்றியதும் தளமே ஒரு பிடிஎஃப் தயாரித்துக் காட்டும். "ஒப்புதல்" பொத்தானை உடனே அழுத்திவிடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படியுங்கள். சமன்பாட்டில் குறிகள் காணாமல் போயிருக்கும், தமிழ் எழுத்துகள் கட்டங்களாக மாறியிருக்கும், படம் 3 இருக்க வேண்டிய இடத்தில் படம் 4 இருக்கும். இரவு பதினொரு மணிக்கு அனுப்புவதைவிட, மறுநாள் காலை குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை பார்த்து அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு

கட்டுரை எண் வந்த மின்னஞ்சலைத் தனியே சேமித்து வையுங்கள். திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே நகலெடுத்து, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதுங்கள். அவர் சொன்னதை ஏற்க முடியாத இடத்தில் மரியாதையோடு காரணம் சொல்லி மறுக்கலாம். கோபம் வந்தால் இரண்டு நாள் கழித்து எழுதுங்கள். மறுத்துவிட்டால், அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்திவிட்டே அடுத்த இதழுக்குப் போங்கள். சின்னத் துறைகளில் அதே மதிப்பாய்வாளர் அங்கேயும் உட்கார்ந்திருப்பார்.

மூன்று மாதமாக ஒரு தகவலும் இல்லையென்றால் இதழாசிரியருக்கு எழுதலாம், தப்பில்லை. தலைப்பு வரியில் கட்டுரை எண், உள்ளே அனுப்பிய தேதி, தற்போதைய நிலை என்னவென்று ஒரு கேள்வி, உங்கள் பெயர். அவ்வளவு போதும்.